சிவப்புப் பொத்தானைத் தொடாதவர்கள்

நாலு பேரை ஒரே நாளில், ஒரே இடத்துக்கு, முகம் சுளிக்காமல் கிளப்பிக்கொண்டு போவது லேசான வேலை இல்லை. எங்கள் அலுவலகத்தில் அது எப்போதும் என் தலையில்தான் விழும். பிறந்தநாள் கேக், வழியனுப்பு விழா, சுற்றுலா வண்டி, எல்லாம் நான்தான். மேலாளர் உட்பட அத்தனை பேருக்கும் நான் அக்கா.

ஒருவனுக்கு மட்டும் உண்மையிலேயே அக்கா. அவனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவளும் நான்தான். என் தம்பி செத்துப்போனது ஒரு மாதாந்திரக் கூட்டத்தில்.

"சார், நெஞ்சு என்னமோ பண்ணுது. கொஞ்சம் வெளிய போய்ட்டு வரட்டுமா?" என்றான்.

"டார்கெட்டைப் பத்திப் பேசினா மட்டும் உனக்கு நெஞ்சு வலி வந்துடுமே. நடிக்காத, உட்காரு," என்றார் மேலாளர்.

வாடிக்கையாளர் பிரிவுப் பெண் சிரித்தாள். அவளுக்கு எதற்கும் சிரிப்பு வரும். மேலாளரும் சிரித்ததால் கணக்காளர் சிரித்தார். விற்பனைப் பிரிவில் ஒருவன் இருக்கிறான். கேரம் ஆட்டத்தில் தோற்றால்கூட இரண்டு நாள் பேசமாட்டான் என்பதால் அவனைச் சாம்பியன் என்போம். அவனுக்குத் தன் எண்களை வாசித்து முடிக்கும் அவசரம். முடித்தபோது தம்பியின் தலை மேஜைமேல் கிடந்தது.

ஆண்டு இறுதியில், "எல்லாரும் சோர்ந்து கெடக்காங்க, எங்கயாவது கூட்டிட்டுப் போங்கக்கா," என்றார் மேலாளர். பூட்டிய அறைக்குள் புதிர்களை அவிழ்த்து வெளியே வரும் விளையாட்டு, எஸ்கேப் ரூம் என்கிறார்களே, அதைச் சொன்னேன். அவருக்கு ஆஸ்துமா.

"புகை கிகை இருக்காதே?"

"சுத்தமா இருக்காது சார்."

அங்கே மூன்று அறைகள். கப்பலின் அடித்தளம்போல் அமைத்த அறையில் மட்டும் புகை விடுவார்கள். அதை எடுத்தேன்.

ஆள் எடுப்பதற்குத்தான் அதிகம் யோசித்தேன். கதவருகே ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. யார் அழுத்தினாலும் கதவு திறந்துவிடும். ஆனால் ஆட்டம் தோல்வி. சாம்பியன் அதை யாரையும் தொடவிடமாட்டான். கணக்காளர், மேலாளர் வாய்திறந்து சொல்லாமல் ஒரு துரும்பையும் நகர்த்தமாட்டார். அந்தப் பெண் சிரிப்பாள். எங்கள் ஓட்டுநரும் விளையாட ஆசைப்பட்டார். யாராவது தும்மினாலே தண்ணீர் கொண்டுவரும் மனிதர். "நீங்க வண்டியப் பாத்துக்குங்கண்ணே," என்றேன்.

பைகளையும் கைபேசிகளையும் வெளியே வைக்கச் சொன்னார்கள். மேலாளர் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"எங்கிட்ட குடுங்க சார். நான் வாசல்லதானே இருப்பேன்."

கொடுத்துவிட்டார்.

நானும் அங்கே வேலை பார்க்கும் பெண்ணும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். படம் மட்டும் வரும், சத்தம் வராது. புகை பரவியது. மேலாளர் நெஞ்சைப் பிடித்தார். வாடிக்கையாளர் பிரிவுப் பெண் சிரித்தாள். அவர் பொத்தானை நோக்கிக் கை நீட்டினார். சாம்பியன் அந்தக் கையைப் பிடித்து விலக்கி, இன்னும் ஒரே பூட்டு என்று விரல் காட்டினான். கணக்காளர் ஏதாவது உத்தரவு வருமா என்று மேலாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவருக்கு முடியல போலயே, தொறந்துடட்டுமா?" என்றாள் என் பக்கத்தில் இருந்த வேலைக்காரப் பெண்.

"நடிக்கிறார்மா. க்ளூ வாங்கறதுக்கு. எப்பவும் இப்படித்தான்."

அவர் விழுந்த பிறகு அவளே திறந்தாள். அவள்மேல் தப்பு இல்லை. அவர் சாகவேண்டும் என்று ஏற்பாடு செய்தது நான். இன்ஹேலர் என் கைப்பையில் இருந்ததைப் போலீஸ்காரர்கள் நீங்களே எடுத்தீர்கள்.

விழுவதற்கு முன் அவர் கேமராவை நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்தது. அக்கா என்றுதான் சொல்லியிருப்பார். என் கை தானாக எழுந்து, உட்காரு, அஞ்சு நிமிஷம்தான் என்பதுபோலக் காற்றை மெல்ல அமுக்கியது.

அந்த அசைவு எனக்குப் பழக்கம். அன்று கூட்டத்தில் நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது தம்பி என் பக்கம் திரும்பி, "அக்கா," என்றான். அவனுக்கும் அதையே காட்டினேன். என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாதவன், உட்கார்ந்துவிட்டான். ஆனால் அது வேறு. அவன் வேலை போய்விடக் கூடாதே என்ற கவலை.

ஆள் தேர்வில் பாரபட்சம் பார்த்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவரையும் நான் விட்டுவிடவில்லை.