டெக்னாலஜி பெட்டி

— எழுந்தேன். பால் பாக்கெட் வாங்கினேன். டீ போட்டேன். குளிச்சேன். தேய்க்காத சட்டையப் போட்டேன். இப்போ காலேஜுக்குக் கிளம்பறேன். போதுமா மாமா?

— போதும் மாப்ள. விழுப்புரத்துல தனியா கெடக்கறீங்க, அதான் கேட்டேன்.

— காலங்காத்தால அதுக்கா போன் பண்ணீங்க?

— இல்ல. நீங்க இங்கிலீஷ் வாத்தியாரு. டெக்னாலஜின்னா இன்னா அர்த்தம்?

— எதுக்கு?

— மோட்டாருக்குப் பெட்டி வித்தானே திண்டிவனத்துக்காரன், "போன் அடிச்சா மோட்டார் ஓடும், டெக்னாலஜி பெரியவரே"ன்னான். அன்னில இருந்து நம்மூர்ல பெட்டிக்கே அதான் பேரு. எம்பொண்ணு கலைய எது ஷாக் அடிச்சிக் கொன்னுச்சோ, அது பேருக்கு அர்த்தம் தெரிய வேணாமா?

— அது பெட்டியோட பேரு இல்ல மாமா. கிரேக்க வார்த்தை. டெக்னேன்னா கைவேலை, அந்தத் தெறமை. லோகோஸ்னா சொல்லு, விளக்கம். ஒரு வேலைய எப்படிச் செய்யறதுன்னு எடுத்துச் சொல்றது. மெஷினுன்ற அர்த்தம் ரொம்பப் பின்னாடி வந்தது.

— அப்போ எங்கப்பா எனக்கு ஏர் புடிக்கச் சொல்லிக் குடுத்தாரே, அது?

— அதுவும்தான்.

— அட பேஜாரே! ஊட்டுலயே இருந்தத திண்டிவனம் போயா வாங்கியாந்தேன்?

— மாமா, குரல் எதிரொலிக்குது. எங்க இருக்கீங்க?

— கொல்லியில, நெலத்துலதான்.

— கொல்லியில எங்க?

— மோட்டார் ரூம்ல. மல்லாட்டைப் பயிரு தண்ணியில்லாம வாடிப்போய் நிக்குது மாப்ள. எலக்ட்ரீசியன் நாளைக்கி, நாளைக்கின்றான். நானே பெட்டி மூடியக் கழட்டிட்டேன். ஒரு ஒயரு வெளிய தொங்குது. சொருகினா ஆச்சி.

— கைய எடுங்க.

— கரண்டு இல்ல மாப்ள. பெட்டியில ஒரு லைட்டும் எரியல.

— கலை போன அன்னிக்கும் எரியல. மெயின் சுவிட்ச எறக்கினீங்களா?

— துருப்புடிச்சிப் போச்சி. எறங்கமாட்டேன்னுது.

— வெளிய வாங்க. மல்லாட்டை போனா போகட்டும்.

— படிச்சவரு இப்டி பயப்படறீங்களே.

— ஆமா. பேன் சுவிட்சு போடறதுக்கே செருப்பு மாட்டிக்கினுதான் போறேன். வாங்க வெளிய.

— அன்னிக்கும் நீங்கதான் அவகூட போன்ல இருந்தீங்க. கடைசியா இன்னா சொன்னா?

— "அப்பா"ன்னு கத்தினா. சொன்னேனே.

— அது உங்க அத்தையத் தேத்தறதுக்குச் சொன்னது. ஊரு இன்னா பேசுது தெரியுமா? தாண்டவராயன் பொண்ணு புருஷன்கிட்ட சிரிச்சிப் பேசிக்கினே, பாக்காம கைய வெச்சிட்டாளாம்னு.

— பேசட்டும்.

— நெஜத்தச் சொல்லுங்க.

— வெளிய வாங்க. சொல்றேன்.

— சொல்லுங்க. வர்றேன்.

— மாமா, கெஞ்சிக் கேக்கறேன்.

— நானும்தான் கெஞ்சறேன். பெத்தவன் தெரிஞ்சிக்கக் கூடாதா?

— கூடாது. உங்களால தாங்க முடியாது.

— இருங்க... செவப்பு லைட்டு மினுக்குது மாப்ள.

— கை எங்க இருக்கு? மாமா! கை எங்க இருக்கு?

— ஒயருகிட்ட. நீங்க மொதல்ல சொல்லுங்க.

— சொல்றேன். கைய மட்டும் எடுங்க. அவ சொன்னது இதான்: "அப்பா வந்துக்கினு இருக்காருங்க. கை நடுங்குது அவருக்கு, ஒயரத் தொட்டாருன்னா போயிடுவாரு. அவரு வர்றதுக்குள்ள நானே சொருகிடறேன்."