எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி

பெயர் ரோவேனா சுமகைசை, வயது முப்பத்து நான்கு, இலோஇலோ நகரம், மோலோ சந்தைக்குப் பின் தெரு. வாழைப்பழம் பொரித்து விற்கிறேன். காவல் அதிகாரி முன்பு நானாக முன்வந்து சொல்வதாவது:

என் கணவர் எலிசேயோ எண்ணெய்க் கப்பலில் வேலை செய்கிறார். கரைக்கு வந்தால் யாருடைய போனையாவது இரவல் வாங்கி வீடியோவில் கூப்பிடுவார். எங்கள் தெருவில் கப்பல்காரன் மனைவி எவளும் தெரியாத எண் என்று எடுக்காமல் விடமாட்டாள்.

சனிக்கிழமை குளித்துவிட்டுத் துண்டோடு நின்றபோது அப்படி ஓர் எண் வந்தது. எடுத்தேன். திரை இருட்டாக இருந்தது. அவர் கூப்பிட்டாலும் பாதி நேரம் அப்படித்தான். அதன் பிறகு ஓர் ஆண் குரல் கரகரவென்று, "பலங்கா, சரியா தெரியல, தள்ளி நில்லு" என்றது. என் கணவர் என்னைப் பலங்கா, அதாவது கண்ணு, என்றுதான் கொஞ்சுவார். தள்ளி நின்றேன். "இளைச்சிருக்கேனா?" என்று சிரிக்க வேறு செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு எரிகிறது.

அதன் பிறகு அழைப்பு அறுந்து, நான் நின்ற கோலம் படமாக எனக்கே வந்தது. மறுபடி கேமரா முன் வந்து சொன்னபடி செய்யாவிட்டால் கணவருக்கு அனுப்புவதாக எழுதியிருந்தான். நான் பதில் போடவில்லை, எதையும் அழிக்கவும் இல்லை.

வட்டார மன்றத்தில் சொன்னேன். "தெரியாத நம்பர ஏன் எடுத்த?" என்றார்கள். போன் கடையிலும் அதே கேள்வி. இங்கே அதிகாரியும், "ஏன் பலங்கா எடுத்த? கேமராவ மூடிக்கிட்டு ஆளு யாருன்னு மொதல்ல கேக்க வேணாமா?" என்றார்.

"நீங்களும் பலங்கான்றீங்க, மீன்காரனும் பலங்கான்றான். நான் எத வச்சு சார் கண்டுபிடிக்க?" என்றேன். அதை எழுத வேண்டாம் என்றார். எழுதித்தான் ஆகவேண்டும் என்றேன்.

இதை அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் இருந்த என் போன் அடித்தது. தெரியாத எண். கேமராவைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு எடுத்தேன். திரை இருட்டு.

"பலங்கா!"

"நம்ம கல்யாணத்துல கேக்கைக் கீழ தள்ளுனது யாரு?"

"எங்க சித்தப்பா. ஏன், என்னாச்சு?"

விரலை எடுத்தேன். அந்தப் பயல் முந்திக்கொள்வதற்குள் நடந்ததை எல்லாம் நானே சொல்லிவிட்டேன். கணவர் கேட்டார்: "தெரியாத நம்பர ஏன்டி எடுத்த?"

"இப்ப எடுத்தது மட்டும் எந்த நம்பராம்?" என்றேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்) ரோவேனா சுமகைசை