ஐம்பத்து மூன்று மூட்டை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தியின் மடியில் லேப்டாப்.

“எங்க கொல்லையில வெளஞ்ச கணக்கையே பைதான் புரோகிராம்ல போட்டுப் பாத்தேன்டி. மேலண்ட அஞ்சு மூட்டை மல்லாட்டையும் கீழண்ட மூணு மூட்டையும் கூட்டினா அம்பத்தி மூணு வருது!”

“ஒங்கப்பாகிட்ட சொல்லு. நிலத்தை வித்துட்டு பைதான்லயே கடலைப் பயிர் வெக்கட்டும்.”

“கிண்டல் பண்ணாதடி. இன்னிக்கு லேப் எக்ஸாம். போன வாட்டியே அரியர்.”

“நீ அடிக்கிற நம்பரை அது எழுத்தா எடுத்துக்கினு, பக்கத்துல பக்கத்துல ஒட்டிடுது. ரெண்டு இன்புட்டுக்கும் முன்னாடி இன்ட் போடு, நம்பரா மாத்திடும், தாயே. செமஸ்டர் பூரா கிளாஸ்ல இன்னா பண்ணிக்கினு இருந்த?”

அவள் தட்டினாள்.

“எட்டு வந்துச்சா?”

“வந்துடுச்சி.”

“அப்புறம் ஏன் மூஞ்சி அப்படிப் போவுது?”

“கொல்லையிலயும் மொத்தமே எட்டுதான்டி. அம்பத்தி மூணே நல்லா இருந்துச்சி.”