நாலு மணிக் காய்ச்சல்

அடைக்கலநாதன்: பின்னேரம் நாலு மணி. இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலை ஒவ்வொரு நாளும் நாலு மணிக்குத்தான் உன்ரை காய்ச்சல் ஏறுது, யாகோப்பு.

யாகோப்பு: காய்ச்சல் படத்திலை உள்ள கோடு சொல்லுறதை இங்கிலீசிலை எழுதுங்கோ, அப்போதிக்கரி ஐயா. கொழும்புத் துரை கேட்டது அதைத்தானே.

அடைக்கலநாதன்: துறைமுகத்துப் பியோனுக்குக் காய்ச்சலெண்டால் கொழும்புக்கு இவ்வளவு எழுதவேணுமோ? இந்தப் படத்தையே அனுப்பினால்...

யாகோப்பு: ஆஸ்பத்திரிக் கடுதாசி வெளியிலை போகக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.

அடைக்கலநாதன்: ஓம்... சொன்னனான். சரி. "முதல்நாள் கோடு மெல்ல மெல்ல உயர்ந்து..."

யாகோப்பு: மெல்ல வேண்டாம் ஐயா. மெல்ல ஏறினதெண்டால், கொழும்புக்கு வேலைக்கு வெளிக்கிட்டு வா எண்டு தந்தி வரும். விறுக்கெண்டு ஏறினதெண்டு போடுங்கோ.

அடைக்கலநாதன்: அதுக்கு ஒரு நல்ல சொல்லிருக்கு. ஆனால் அதைப் பத்து நாளுக்கும் எழுதேலாது. திருப்பித் திருப்பி எழுதினால் துரைமார் சிரிப்பினம்.

யாகோப்பு: அப்ப ஒரு நாள் ஏறினது, ஒரு நாள் பாய்ஞ்சது, ஒரு நாள் துள்ளினது...

அடைக்கலநாதன்: காய்ச்சலோ முயலோ?

யாகோப்பு: இன்னும் பத்து நாள் லீவு தந்தால் முயலெண்டாலும் பரவாயில்லை.

அடைக்கலநாதன்: பத்து நாள்... கோயில் பெருநாள் எப்ப?

யாகோப்பு: ...ஒன்பதாம் நாள்.

அடைக்கலநாதன்: பெருநாள் கூத்திலை ராசா ஆர்?

யாகோப்பு: நான்தான். நான் கொழும்புக்குப் போனால் முடியைக் கனிசியஸ் வைப்பான். உவனுக்குக் குரலுமில்லை, மீசையுமில்லை ஐயா.

அடைக்கலநாதன்: "நாலு மணிக்கு உச்சத்தைத் தொட்ட கோடு, ஆறு மணிக்குள் பழைய நிலைக்கு இறங்கியது." இதை வாசிச்சால், நாலு மணிக்கு என்ன நடக்குதெண்டு துரை கேட்க மாட்டாரோ?

யாகோப்பு: நாலு மணிக்கு... மார்கிரட் கோப்பி கொண்டருவாள்.

அடைக்கலநாதன்: உன்ரை மனுசி கொண்டாற கோப்பி சுடுமோ?

யாகோப்பு: ஆவி பறக்கும் ஐயா.

அடைக்கலநாதன்: அதைக் குடிச்ச வாயாலையோ என்ரை தெர்மாமீற்றரைக் கவ்வினனீ?

யாகோப்பு: நாக்குத் தோலுரிஞ்சு போச்சு ஐயா. கறி உறைக்குதோ, உப்பிருக்கோ... ஒண்டும் தெரியேல்லை. மாதாவாணை, துரைக்கு எழுதிப்போடாதையுங்கோ.

அடைக்கலநாதன்: எழுதேல்லை. எழும்பி இரு. ஆனால் ஞாயிற்றுக்கிழமையைப் பார். நூற்றிமூண்டு. எல்லாத்திலும் அதுதான் உயரம். என்ரை நல்ல வசனத்தை அதுக்கெண்டு வைச்சிருக்கிறன். அண்டைக்கும் கோப்பியோ?

யாகோப்பு: அண்டைக்கு... அண்டைக்கு நான் இந்தக் கட்டிலிலையே இல்லை ஐயா.

அடைக்கலநாதன்: ஒத்திகைக்குப் போனனீ.

யாகோப்பு: ஆர் சொன்னது?

அடைக்கலநாதன்: ஆர் சொல்லவேணும்? நான் முன்வாங்கிலை இருந்தனான். இரண்டாம் பாட்டிலை சுருதியை விட்டிட்டாய்.

யாகோப்பு: நீங்களும் அங்கையெண்டால்... என்ரை நூற்றிமூண்டை ஆர் பார்த்தது?

அடைக்கலநாதன்: ஒருத்தரும் பார்க்கேல்லை.

யாகோப்பு: அப்ப கோடு?

அடைக்கலநாதன்: ஒவ்வொரு சனிக்கிழமை காலமையும் குந்தியிருந்து, வாற கிழமைக் கோடு முழுக்க முன்கூட்டியே கீறிப்போடுவன். பின்னேரமெண்டால் காய்ச்சல் ஏறும்தானே. அந்தத் தெர்மாமீற்றரிலை உள்ள இலக்கம் என்ரை கண்ணுக்குத் தெரியாமல் போய் ஐஞ்சு வரியமாச்சு. இந்தா, கடிதம் முடிஞ்சுது. ஒப்பமும் வைச்சிட்டன். பத்து நாள்.

யாகோப்பு: அப்ப... பத்து நாளாய் நான் நாக்கைச் சுட்டுக்கொண்டு அந்தக் கோப்பியைக் குடிச்சது ஏன் ஐயா?