இதுல என்ன எழுதியிருக்கு?

இரவு பதினொன்றரை மணி. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரும் சாலை. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டிகூட இல்லை...

ரூக்ஸாரின் தாய்மாமன் ஜுபைர், மொபெட்டின் இரண்டு பக்கமும் கேன்களைக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். தெருத்தெருவாகப் பினாயிலும் பாத்ரூம் ஆசிட்டும் விற்பவர். வீட்டுக்காரர்கள் எந்தக் காலி பாட்டிலை நீட்டினாலும் அதில் ஊற்றிக் கொடுப்பார்.

“எங்க மாமு பயப்படுற ஆளே இல்ல” என்றாள் ரூக்ஸார்.

வேங்கிக்காலில் எங்கள் தோழி தென்றல் வீட்டு மொட்டைமாடி. கரண்ட் போய் ஒரு மணி நேரம். நாங்கள் மூன்று பேரும் ஒரே போர்வைக்குள் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழே தென்றலின் அம்மாவும் ஒன்றரை வயதுத் தம்பியும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாமு வேர்க்கடலை வயலைத் தாண்டியதும், வண்டி வெளிச்சத்தில் ஒரு சின்னப் பெண். பள்ளிச் சீருடை. கையில் ஆரஞ்சு ஜூஸ் பாட்டில். மாமு வண்டியை நிறுத்தினார்.

“பாய்... இதுல என்ன எழுதியிருக்கு?”

தெருவில் எல்லாரும் கூப்பிடுவதைப் போலவே கூப்பிட்டாள். ஆனால் குரல்... தொண்டைக்குள் மணலைப் போட்டு உரசியதுபோல இருந்தது.

மாமு செல்போன் வெளிச்சத்தில் லேபிளைப் படித்தார். “ஆரஞ்சு ஜூஸ்னு போட்டிருக்கும்மா.”

“அப்ப குடிக்கலாமா?”

அப்போதுதான் அந்த நெடி மூக்கில் ஏறியது. தினமும் அவர் கையில் வீசும் அதே ஆசிட் நெடி. பாட்டிலைப் பிடுங்கப் போனார்... கையில் எதுவும் அகப்படவில்லை. சாலையில் யாருமில்லை. வண்டி நின்றுதான் இருந்தது. கேன்களுக்குள் மட்டும் களக்... களக்... என்று சத்தம்.

“அந்த ரோட்டோர ஊர்ல ஆறு மாசம் முன்ன ஒரு பொண்ணு செத்துப்போச்சுடி. ஸ்கூல் விட்டு தாகத்தோட வந்து, ஜூஸ்னு நெனச்சு எடுத்துக் குடிச்சிருக்கு. மாமு ஊத்திக் குடுத்த ஆசிட். யாரும் அவர ஒரு வார்த்த கேக்கல. பாட்டில் அவங்க வீட்டு பாட்டில்தானே!”

மறுநாளிலிருந்து மாமு ஜூஸ் பாட்டிலில் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். பெயர் ஒட்டிய கேனில்தான் தருவேன் என்றார். “பாய் கலெக்டர் ஆயிட்டாருடோய்!” என்று தெருவே சிரித்தது. இப்போது அதே தெருக்களில் வேறொருவர் ஊற்றுகிறார்.

தென்றலும் சிரித்தாள். “எங்க வீட்லயும் ஜூஸ் பாட்டில்தான்டி. பாத்ரூம் மூலைல கெடக்கு. என் தம்பிக்கு மூடி தொறக்கவே தெரியாது.”

நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

கீழே ஏதோ உருண்டது. பிளாஸ்டிக்... தரையில்... மெதுவாக. பிறகு ஒரு மூடி விழுந்து, சுழன்று, அடங்கியது. படிக்கட்டு வழியே அந்த நெடி ஏறி வந்தது.

“அக்கா... இதுல என்ன எழுதியிருக்கு?”

மணல் உரசும் குரல்.

தென்றல் விழுந்தடித்துக்கொண்டு படியிறங்கினாள். அவள் தம்பிக்கு இன்னும் பேச்சே வரவில்லை.