அம்மா போனில் ஜெயித்த கோடு

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து நின்றுவிட்டது. முன் இருக்கைப் பெண் தோழியிடம் சொன்னதைக் கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெயம முச்சூடும் எங்கம்மா போன புடுங்கி வச்சிகினேன். ஜெயிச்சிட்டேன்டி!"

"இன்னாத்த ஜெயிச்ச?"

"யார் வேணா எழுதித் தர்ற ஒரு சாஃப்ட்வேர்ல, மெமரில ஒரு எழுத்தத் தேடற புரோகிராம் கோடு. பழசு ஒவ்வொரு எழுத்தா பாக்கும். போன் சிப்பால பதினாறு எழுத்த ஒரே வாட்டில பாக்க முடியும். அதுக்குனே எழுதுனேன். அந்த சாஃப்ட்வேர பாத்துக்கறவங்கோ வேகத்த அளந்து காட்டுன்னாங்கோ. காட்டுனேன், இன்னிக்கு என் கோட அதுல சேத்துக்கினாங்கோ."

"லேப்டாப்ல அளக்க வேண்டிதான?"

"அதுல வேற சிப்பு, இது ஓடாது. போன்லயும் கால் வந்தா அளவு கெட்டுடும். அதான் ஏரோபிளேன் மோடுல போட்டுட்டேன்."

"அம்மா திட்லியா?"

"செம திட்டு. இப்ப, 'என் போன்லதான் ஜெயிச்சா'ன்னு எம்.கே.பி. நகர் முச்சூடும் போன் போட்டு சொல்லிகினு கீது."