பொட்டி வேணாம்னுட்டாரு

இல்லங்கண்ணே, உடம்பத் திருப்பிக் கேக்க வரல. அப்படியெல்லாம் கேக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கறப்பவே சொல்லிட்டாங்க. உள்ள இருக்கறவங்களப் பாத்துக்கறது நீங்கதான்னு ஆபீஸ்ல சொன்னாங்க, அதான் வந்தேன். கதவப் பூட்டணும்னா பூட்டிட்டு வாங்க. நான் இந்த பெஞ்சுலயே உக்காந்துக்கறேன்.

எங்க வீட்டுக்காரருண்ணே. போன வருஷம் குடுத்தோம். பஸ்ஸு லாரிக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பாரு. சளின்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, கடைசில பாத்தா நுரையீரலே போயிருச்சு.

திடீர்னு முடிவு பண்ணதெல்லாம் இல்ல. மாமனாரு போனப்பவே அவரு மனசுல விழுந்துருச்சு. அன்னிக்கு என்னாச்சுன்னா, கடைக்காரன் மட்டமான பொட்டியக் காட்டவே இல்ல. பித்தளைக் கைப்பிடி, உள்ள பட்டுத்துணி, அப்பாவுக்கு இதுகூட செய்ய மாட்டீங்களான்னு ஒரு பார்வை. இவரோட அண்ணன் உடனே தலையாட்டிட்டாரு. தலையாட்டினது அவரு, விழுந்தது எங்க தலையில. பெயிண்ட் அடிக்கற கம்ப்ரசர வித்தோம். அதுக்கப்புறம் ரொம்ப நாளு அடுத்தவன் பட்டறையில கூலிக்கு நின்னாரு.

கோவம்னு பாத்தா, பணம் போனது கூட இல்ல அவருக்கு. பொட்டிக்குப் பாலிஷ் ஒழுங்கா போடலயாம். கீழ்ப்பக்கம் திட்டுத்திட்டா இருந்துச்சுன்னு எத்தன நாளு சொல்லிக்கிட்டே இருந்தாரு தெரியுமா? சிரிக்கறீங்க. நானும் சிரிச்சேன்.

உடம்பு முடியாமப் போனதும் ஒவ்வொரு எடமா விசாரிக்க ஆரம்பிச்சாரு. கல்யாணத்துக்கு மண்டபம் பாக்கற மாதிரி. கரண்டுல எரிக்கற சுடுகாட்டப் போய்ப் பாத்தாரு. வாழ்க்கை பூரா புகையத்தான் குடிச்சேன், கடைசியிலயும் புகையான்னு திரும்பி வந்துட்டாரு. வெறும் துணியில சுத்திப் பொதைச்சு மேல மரம் நடறாங்களாம், அதையும் கேட்டுட்டு வந்தாரு. மரத்துக்கு யாரு தண்ணி ஊத்துவா, நீயா? தொட்டியில இருக்கற செடியவே காயப்போட்டவ நீன்னாரு. அப்புறந்தான் இந்த டாக்டர் காலேஜுக்கு வந்து உடம்ப எழுதிக் குடுத்தாரு. பொட்டி வேணாம், எடம் வேணாம், வண்டியும் அவங்களே அனுப்பிருவாங்கன்னு என்னமோ லாட்டரி அடிச்ச மாதிரி வந்து சொன்னாரு.

இவ்வளவு லேசா சொல்றேன், அன்னிக்கு லேசா இல்லண்ணே. உங்க வண்டி வாசல்ல நிக்குது, அவரு அண்ணன் குறுக்க நின்னுட்டாரு. செலவு பண்ண மனசில்லாம என் தம்பிய அறுக்கக் குடுக்கறா பாருங்கன்னு தெருவே கேக்கச் சொன்னாரு. என் பொண்ணுதான் முன்னாடி வந்தா. அப்பா கேட்டது இது, வழிய விடுங்க பெரியப்பான்னா. சத்தம் கூடப் போடல. அவரு விலகிட்டாரு. அதோட எங்க வாசப்படி மிதிக்கறதையும் விட்டுட்டாரு.

செலவு பண்ணலன்னு சொன்னது பொய்யில்லையே. அதான் உறுத்துது. அந்தப் பணம் மிச்சமாச்சு. அத வச்சுத்தான் பொண்ண மேல படிக்க வச்சேன். நல்லாப் படிப்பாண்ணே.

எதுக்கு வந்தேன்னா? சொல்றேன். நாளைக்கு புதுசா சேந்த பசங்களுக்கு இங்கதான வகுப்பு? அதுல அவளும் வரா.

ஆமா, அதே பொண்ணுதான். இடம் இங்கதான் கெடச்சுது. அப்பா இங்க இருக்காருன்னு அவளுக்குத் தெரியாம இருக்குமா? நேத்து வெள்ளைக் கோட்ட இஸ்திரி போட்டுக் குடுத்தேன், வாங்கிக்கிட்டா. மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் படுக்கப் போயிட்டா.

பாத்து அவர அவ இல்லாத மேசையாப் போட்டுருங்கண்ணே. அது போதும்.

முகத்த மூடித்தான் வைப்பீங்களா? மூடினாலும் தெரிஞ்சுரும். வலது கைப் பெருவிரல்ல அவருக்கு நகம் கெடையாது. சின்னதுல அந்த விரலப் புடிச்சாத்தான் அவ தூங்குவா.